எந்த வாசலுக்கு எந்தப் புத்தகம்? ஆப்டோமெட்ரிச் சேர்க்கையும் செங்கல் பகுதி மாணவர்களும்

பிளஸ் டூவில் அறிவியல் எடுத்த பிள்ளை, பார்வையைச் சோதித்துக் கண்ணாடி பரிந்துரைக்கும் துறையான ஆப்டோமெட்ரியைப் படிக்க ஆசைப்பட்டால் எந்தப் புத்தகத்தை வாங்கிக் கொடுப்பது? பாடநூலை வரி விடாமல் படித்தால் போதும் என்பது ஆசிரியர்களின் பதில். கைடும் பழைய வினாத்தாள் தொகுப்பும் இல்லாமல் தேறவே முடியாது என்பது புத்தகக் கடைக்காரரின் பதில். பயிற்சி மையங்கள் தங்கள் அச்சிட்ட நோட்ஸைக் காட்டுகின்றன. ஃபோனில் எல்லாம் இலவசமாகக் கிடைக்கும்போது எதற்குக் காசு என்று கேட்கிறார்கள் இளையவர்கள். இந்த நான்கு பதில்களுமே ஆப்டோமெட்ரிக்காகப் பிறந்தவை அல்ல. மருத்துவ, பொறியியல் நுழைவுத் தேர்வுகளைச் சுற்றி நாற்பது ஆண்டுகளில் உருவானவை, பெயர் மாறி இங்கே வந்து சேர்ந்திருக்கின்றன. அதனால் ஒவ்வொன்றையும் அது எங்கே பிறந்தது, இந்தப் படிப்புக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று தனித்தனியே பார்க்க வேண்டியிருக்கிறது.

இந்தக் கேள்வியைச் செங்கலிலிருந்து கேட்பதற்குக் காரணம் உண்டு. 1956இல் மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிக்கப்பட்டபோது தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் சென்னை மாநிலத்துக்குப் போயின. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்திலேயே நின்றது. அந்த வட்டத்தின் தென்பகுதியில், பாறசாலையை ஒட்டி இருக்கிறது செங்கல். களியக்காவிளை எல்லையைத் தாண்டினால் தமிழ்நாட்டுப் பாடநூல். இந்தப் பக்கம் கேரளத்தின் பாடத்திட்டம். வீட்டில் தமிழ், தெருவில் மலையாளம், பிளஸ் ஒன் வகுப்பில் ஆங்கிலம் என்று வளரும் மாணவருக்கு இரண்டு மாநிலங்களின் நூல்களும் கைக்கெட்டும் தூரத்தில் உள்ளன. இந்த வாய்ப்பு திருச்சி மாணவருக்கும் இல்லை, திருச்சூர் மாணவருக்கும் இல்லை. அதை யாரும் பெரிதாக எடுத்துப் பேசுவதில்லை என்பது வருத்தமான விஷயம்.

வாசல்கள் ஒன்றல்ல

இந்தியாவில் ஆப்டோமெட்ரிக் கல்வி 1958இல் அலிகார் காந்தி கண் மருத்துவமனையிலும் ஐதராபாத் சரோஜினி தேவி கண் மருத்துவமனையிலும் ஈராண்டு டிப்ளமோவாகத் தொடங்கியது. 1985இல் சென்னை சங்கர நேத்ராலயா எலீட் ஸ்கூல் ஆஃப் ஆப்டோமெட்ரியைத் தொடங்கியது பட்டப்படிப்பின் வளர்ச்சியில் முக்கியமான படி. இன்று இது பெரும்பாலும் மூன்றாண்டு வகுப்பும் ஓராண்டு பயிற்சியுமாக அமைந்த நான்காண்டுப் படிப்பு. சேர்க்கை முறைதான் இடத்துக்கு இடம் மாறுகிறது.

கேரளத்தில் பி.எஸ்சி. ஆப்டோமெட்ரி உள்ளிட்ட துணை மருத்துவப் பட்டப்படிப்புகளுக்கு அரசு நிறுவனமான எல்.பி.எஸ். சென்டர் விண்ணப்பம் வாங்கி ஒதுக்கீடு செய்கிறது. அங்கே தனி நுழைவுத் தேர்வு இருந்ததில்லை. இயற்பியல், வேதியியல், உயிரியலில் எடுத்த பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே தரவரிசை. தமிழ்நாட்டு அரசு ஒதுக்கீடும் மதிப்பெண் வழிதான். ஆனால் பூர்விகச் சான்று விதிகள் இருப்பதால் செங்கல் மாணவருக்கு அது எளிதில் திறக்காது. எய்ம்ஸ் நிறுவனம் துணை மருத்துவப் படிப்புகளுக்குத் தனியாக அகில இந்தியத் தேர்வு நடத்துகிறது. கொள்குறி வினாக்கள், தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு. புதுச்சேரி ஜிப்மர் தன் இணை சுகாதாரப் படிப்புகளுக்கு நீட் மதிப்பெண்ணைக் கேட்கிறது. பெரிய கண் மருத்துவமனைகளை ஒட்டிய கல்லூரிகள் சில, எழுத்துத் தேர்வும் நேர்காணலும் வைக்கின்றன.

அமெரிக்க ஆப்டோமெட்ரிக் கல்லூரிகளுக்கான ஓ.ஏ.டி. தேர்வு முற்றிலும் வேறு தளத்தில் இருக்கிறது. அது பெரும்பாலும் பட்டப்படிப்பு முடிப்பவர்களுக்கானது. அறிவியல் பகுதியில் 90 நிமிடங்களில் 100 வினாக்கள்: உயிரியல் 40, பொது வேதியியல் 30, கரிம வேதியியல் 30. இயற்பியலுக்கு 50 நிமிடங்களில் 40 வினாக்கள். இவை தவிர வாசிப்புப் புரிதலும் கணக்கும் உண்டு. ஒவ்வொரு பகுதிக்கும் 200 முதல் 400 வரை மதிப்பெண். இணையத்தில் ஆப்டோமெட்ரி நுழைவுத் தேர்வு என்று தேடினால் முதலில் வந்து நிற்பது இந்தத் தேர்வுக்கான புத்தகங்கள்தான். பிளஸ் டூ மாணவருக்கு அவற்றால் பயன் குறைவு, விலையோ அதிகம்.

இந்த வாசல்களைப் பிரித்துப் பார்க்காமல் எந்தப் புத்தகம் என்று கேட்பதுதான் பெரும்பாலான குழப்பத்துக்குக் காரணம் என்று படுகிறது. எல்.பி.எஸ். ஒதுக்கீட்டை நம்பியிருக்கும் மாணவருக்கு வேண்டியது முழு விடை எழுதும் பயிற்சி. கேரளத்தில் பிளஸ் ஒன், பிளஸ் டூ இரண்டாண்டு மதிப்பெண்ணும் சேர்ந்துதான் இறுதிச் சான்றிதழில் வருகிறது. அந்த மாணவரின் மேசையில் நான்கு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கொள்குறித் தொகுப்பு மட்டும் கிடந்தால், அவர் எழுதப் போகும் தேர்வுக்கும் படிக்கும் புத்தகத்துக்கும் தொடர்பே இல்லாமல் போகிறது.

பாடநூலே போதும் என்னும் தரப்பு

நான்கு பதில்களில் பழையது இது, வலுவானதும் இதுவே. நீட் தேர்வின் பாடத்திட்டம் என்.சி.இ.ஆர்.டி. நூல்களை ஒட்டி அமைந்தபின் இந்தத் தரப்புக்குப் புதிய பலம் வந்தது. குறிப்பாக உயிரியலில் பாடநூல் வரிகளே வினாக்களாக மாறுவதைப் பழைய வினாத்தாள்களைப் புரட்டிய எவரும் காணலாம். கேரள மேல்நிலை அறிவியல் பாடங்களுக்கும் அதே என்.சி.இ.ஆர்.டி. நூல்கள்தான். ஆக, ஒரே நூல் எல்.பி.எஸ். வாசலுக்கும் உதவுகிறது, நீட்டுக்கும் எய்ம்ஸுக்கும் அடித்தளமாகிறது. செலவும் குறைவு.

ஆனால் ஆப்டோமெட்ரிக்குப் படிப்பவரை நேரடியாகத் தொடும் ஒரு குறை அதில் உண்டு. 2022க்குப் பின் என்.சி.இ.ஆர்.டி. தன் நூல்களைச் சுருக்கியபோது 11ஆம் வகுப்பு உயிரியலின் நரம்பு மண்டல அத்தியாயத்திலிருந்து கண், காது பற்றிய பகுதி நீக்கப்பட்டது. 12ஆம் வகுப்பு இயற்பியலில் லென்ஸ், பட்டகம், நுண்ணோக்கி, தொலைநோக்கி எல்லாம் இருக்கின்றன. முன்பு ஒளியியல் கருவிகளின் வரிசையில் முதலாவதாக நின்ற மனிதக் கண் இப்போது இல்லை. கண்ணையே தொழிலாகக் கொள்ளப் போகும் மாணவர், மேல்நிலைப் பாடநூலில் கண்ணைச் சந்திக்காமலேயே கல்லூரிக்குள் நுழைய முடியும். பாடச்சுமையைக் குறைக்க வேண்டும் என்ற நோக்கத்தை மறுக்கவில்லை. எனினும் இந்த வெட்டு தவறான இடத்தில் விழுந்துவிட்டது என்றே கருதுகிறேன்.

கண் முற்றிலும் மறைந்துவிடவில்லை. என்.சி.இ.ஆர்.டி.யின் 10ஆம் வகுப்பு அறிவியலில் மனிதக் கண்ணுக்கென ஓர் அத்தியாயம் இன்றும் உண்டு. தூரப்பார்வைக் குறை உள்ள ஒருவரின் அண்மைப் புள்ளி 1 மீட்டர், 25 செ.மீ. தொலைவில் வைத்துப் படிக்க என்ன பவர் வேண்டும் என்ற கணக்கு அதன் பயிற்சியில் வருகிறது. 25 செ.மீ.யில் உள்ள எழுத்து 1 மீட்டரில் இருப்பதுபோலக் கண்ணுக்குத் தெரிய வேண்டும். இந்தத் தூரங்களை மீட்டரில் எடுத்துத் தலைகீழாக்கினால் 4, 1. 4இலிருந்து 1ஐக் கழித்தால் 3. ஆகவே +3 டயாப்டர் குவிலென்ஸ். சேய்மைப் புள்ளி 50 செ.மீ. உள்ள கிட்டப்பார்வைக்காரருக்கு −2 டயாப்டர் குழிலென்ஸ். கண்ணாடிக் கடையில் தரும் சீட்டில் உள்ள எண்ணுக்கும் பள்ளிப் பாடத்துக்கும் நடுவே உள்ள உறவு இந்த இரண்டு வரிக் கணக்கில் தெரிந்துவிடுகிறது. நேர்காணல் உள்ள கல்லூரிகளில் இப்படி ஒன்றைக் கேட்டால், 12ஆம் வகுப்பு நூலை மட்டும் படித்தவர் தடுமாற வாய்ப்பு அதிகம்.

எல்லைக்கு அந்தப் பக்கத்து நூல் இங்கேதான் கைகொடுக்கிறது. 2018, 2019 ஆண்டுகளில் புதுப்பிக்கப்பட்ட தமிழ்நாட்டு மேல்நிலைப் பாடநூல்களில் 11ஆம் வகுப்பு விலங்கியல் கண்ணின் அமைப்பையும் ஒளிவிலகல் குறைகளையும் விளக்குகிறது. 12ஆம் வகுப்பு இயற்பியலின் இரண்டாம் தொகுதி, ஒளியியல் கருவிகளோடு கண்ணையும் எடுத்துக்கொண்டு கிட்டப்பார்வை, தூரப்பார்வை, ஆஸ்டிக்மாட்டிசம் வரை போகிறது. இரண்டும் தமிழிலும் ஆங்கிலத்திலும் உள்ளன, இலவசமாகத் தரவிறக்கலாம். என்.சி.இ.ஆர்.டி. விட்ட இடத்தை நிரப்ப இதைவிடப் பொருத்தமான நூலைச் செங்கல் மாணவருக்குச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. முழு நூலையும் படிக்க வேண்டியதில்லை. அந்தச் சில பக்கங்கள் போதும்.

கைடும் வினாத்தாள் தொகுப்பும்

கைடுகளின் வரலாறு தேர்வுகளின் வரலாற்றோடு ஒட்டியது. கேரளத்தில் தொழிற்கல்வி நுழைவுத் தேர்வு 1980களின் தொடக்கத்தில் வந்தது, தமிழ்நாட்டில் 1984இல். அதோடு கொள்குறி வினாத் தொகுப்புகளுக்கு ஒரு சந்தை பிறந்தது. அரசு அமைத்த அனந்தகிருஷ்ணன் குழுவின் பரிந்துரைக்குப் பின் தமிழ்நாடு அந்தத் தேர்வைக் கைவிட்டது. சந்தை சில காலம் சுருங்கி, நீட் வந்ததும் முன்னைவிடப் பெரிதாக எழுந்தது.

இந்தத் தரப்பின் நியாயம், தேர்வு எப்படிக் கேட்கும் என்பதைப் பாடநூல் காட்டாது என்பது. அது சரியானதே. 2025 நீட் தேர்வில் 180 நிமிடங்களுக்கு 180 வினாக்கள். ஒரு வினாவுக்கு ஒரு நிமிடம். அந்த வேகம் பாடநூலை வாசிப்பதால் வந்துவிடாது. அதிகாரபூர்வமான பழைய வினாத்தாள்களை நேரம் குறித்து எழுதிப் பார்ப்பதற்கு மாற்றே இல்லை எனலாம்.

பலவீனம் கைடுகளின் தரத்தில் இருக்கிறது. பாடத்திட்டம் மாறியபின்னும் அட்டையை மட்டும் மாற்றி வரும் தொகுப்புகள் உண்டு. தேசிய மருத்துவ ஆணையம் நீட் பாடத்திட்டத்தை 2024 தேர்வுக்கெனச் சுருக்கியது. அதற்கு முந்தைய தொகுப்பைப் பழைய புத்தகக் கடையில் வாங்குபவர், கேட்கப்படாத பகுதிகளில் வாரக்கணக்கைச் செலவிடுவார். ஒளியியலில் இன்னொரு சிக்கல்: குறியீட்டு மரபு. இன்றைய இந்தியப் பாடநூல்கள் கார்ட்டீசியன் மரபில் தூரங்களுக்குக் கூட்டல், கழித்தல் குறி இடுகின்றன. பழைய நூல்கள் சிலவும் பிரிட்டிஷ் நூல்கள் சிலவும் மெய்ப் பிம்பத்தைக் கூட்டலாகக் கொள்ளும் மரபைப் பின்பற்றுகின்றன. இரண்டையும் கலந்து படித்தால் லென்ஸ் சமன்பாடே மாறிப்போகும். விடையின் குறியே மாறிவிடலாம். ஆப்டோமெட்ரியில் இந்தக் குறிதான் எல்லாம்.

பயிற்சி மையத்தின் தொகுப்பு

ராஜஸ்தானின் கோட்டாவில் 1980களில் தொடங்கிய முறை இது: அச்சிட்ட தொகுதிகள், தினசரி வினாத்தாள், வாராந்தரத் தேர்வு, தரப்பட்டியல். கேரளத்தில் பாலாவும் திருச்சூரும் இதற்குப் பேர்போன ஊர்கள். இவற்றின் பாடப்பொருள் பெரும்பாலும் நேர்த்தியானது. ஒழுங்கான கால அட்டவணை என்பது பல மாணவர்களுக்குப் புத்தகத்தைவிடப் பெரிய உதவி. இதை மறுப்பவர்கள் பிள்ளைகளோடு பழகாதவர்கள்.

ஆனால் பலன் எவ்வளவு என்பதில் கருத்து ஒன்றுபடவில்லை. தமிழ்நாடு அரசு அமைத்த ஏ.கே. ராஜன் குழு 2021இல் தந்த அறிக்கை, மருத்துவம் சேர்ந்தவர்களில் மறுமுறை எழுதியவர்களின் பங்கு 2016-17இல் எட்டில் ஒன்று என்ற அளவிலிருந்து 2020-21இல் பத்துக்கு ஏழு என்ற அளவுக்கு உயர்ந்ததைக் காட்டியது. பயிற்சி இல்லாமல் முடியாது என்பதற்கு இதைச் சான்றாகக் காட்டுகிறார்கள். கவனமாகப் பார்த்தால், வெற்றி பெற்றவர்களில் பலர் பயிற்சி பெற்றிருந்தார்கள் என்பதிலிருந்து பயிற்சிதான் வெற்றியைத் தந்தது என்று முடிவு கட்டிவிட முடியாது. கூடுதலாக ஓர் ஆண்டு படித்ததும், அந்த ஆண்டைத் தாங்கும் குடும்ப வசதியும் அதில் கலந்திருக்கின்றன. அமெரிக்காவின் எஸ்.ஏ.டி. தேர்வைப் பற்றி பவர்ஸ், ராக் இருவரும் 1999இல் வெளியிட்ட ஆய்வு, பயிற்சியின் சராசரிப் பலன் கணிதத்தில் சுமார் 18 புள்ளி, மொழிப்பகுதியில் சுமார் 8 புள்ளி என்று மதிப்பிட்டது. ஒவ்வொரு பகுதியும் 200 முதல் 800 வரையிலான அளவுகோல். அது வேறு தேர்வு, வேறு சமூகம். நேரடியாக ஒப்பிடக் கூடாது. விளம்பரங்கள் சொல்லும் அளவுக்குப் பலன் இருக்காது என்று சந்தேகிக்க மட்டும் அது இடம் தருகிறது.

ஆப்டோமெட்ரிக்கு இன்னொரு கேள்வி எழுகிறது. மருத்துவ இடத்துக்கான முழு ஆண்டுப் பயிற்சியில் சேர்ந்து, அது கிடைக்காமல் ஆப்டோமெட்ரிக்கு வருபவர்கள் ஒரு வகை. முதலிலிருந்தே ஆப்டோமெட்ரியை விரும்புபவர்கள் இன்னொரு வகை. இரண்டாம் வகையினர் முதல் வகையினருக்கான கட்டணத்தைக் கட்டத் தேவையில்லை. 2024 ஜனவரியில் மத்தியக் கல்வி அமைச்சகம் பயிற்சி மையங்களுக்கு நெறிமுறை வகுத்து, 16 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களைச் சேர்க்கக் கூடாது, தரவரிசை உத்தரவாதம் தரக் கூடாது என்றது. குடும்பங்கள் அதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

ஃபோனில் வரும் பாடம்

இலவசப் பாடங்களின் வரவு உண்மையான மாற்றம். 2020இல் பள்ளிகள் மூடியபோது கேரளத்தின் விக்டர்ஸ் சேனலில் ஃபர்ஸ்ட் பெல் வகுப்புகள் வந்தன. அந்தச் சேனலை நடத்தும் கைட் நிறுவனம் பின்னர் நுழைவுத் தேர்வுக்கென்றே கீ டு என்ட்ரன்ஸ் என்ற திட்டத்தையும் தந்தது. வசதி குறைந்த வீடுகளுக்கு இது பெரிய ஆறுதல். குறை, தேர்ந்தெடுக்கும் வேலை முழுவதும் மாணவர் தலையிலேயே விழுவது. ஒரே பாடத்துக்கு ஐந்து காணொளிகளைப் பார்ப்பது படித்துவிட்ட நிறைவைத் தரும், படித்ததாகாது.

இதற்கு ஆய்வுச் சான்று உண்டு. உளவியலாளர்கள் ரோடிகர், கார்ப்பிக்கே இருவரும் 2006இல் செய்த சோதனையில் ஒரு குழு பாடப்பகுதியை நான்கு முறை வாசித்தது. மற்றொரு குழு ஒருமுறை வாசித்துவிட்டு மூன்று முறை நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது வாசித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது வாசித்தவர்களுக்கு 40 சதவீதமும் எழுதிப் பார்த்தவர்களுக்கு 61 சதவீதமும் நினைவில் இருந்தது. 2013இல் டன்லோஸ்கி குழுவினர் பத்துப் படிப்பு முறைகளை மதிப்பிட்டபோது, தன்னைத் தானே சோதிப்பதையும் இடைவெளி விட்டுத் திரும்பப் படிப்பதையும் மேலே வைத்தார்கள். அடிக்கோடிடுவதையும் மறுபடி மறுபடி வாசிப்பதையும் கீழே தள்ளினார்கள். எந்தப் புத்தகம் என்ற விவாதம் இவ்வளவு நீண்டிருக்க, அதை வைத்து என்ன செய்வது என்பது பேசப்படாமல் போனது இந்த விவாதத்தின் பெருங்குறை. புத்தகத்தை மூடி, வெள்ளைத் தாளில் கண்ணின் படத்தை வரைந்து பாகங்களைக் குறித்துப் பார்ப்பதற்குக் காசும் வேண்டாம், மையமும் வேண்டாம்.

மொழி என்னும் தடை

கேரளத்தில் 10ஆம் வகுப்பு வரை தமிழ்வழிப் பாடநூல்கள் உண்டு. மேல்நிலையில் அறிவியல் ஆங்கிலத்துக்கு மாறுகிறது. தமிழ்வழியில் படித்து வந்த எல்லைப்புற மாணவருக்குப் பாடம் கடினமாவதற்கு முன்பே மொழி கடினமாகிறது. இந்த இடத்தில் இரண்டு தரப்பு. ஆங்கிலத்திலேயே மூழ்க வேண்டும், கல்லூரியும் ஆங்கிலத்தில்தானே என்பது ஒன்று. முதலில் தாய்மொழியில் புரியட்டும், பிறகு ஆங்கிலத்தில் எழுதட்டும் என்பது மற்றொன்று.

தேர்வையே தமிழில் எழுதும் வழியும் உண்டு. நீட் 2017 முதல் தமிழிலும் நடக்கிறது. ஆனால் 2018 தமிழ் வினாத்தாளில் 49 வினாக்களில் மொழிபெயர்ப்புப் பிழை இருந்ததாக வழக்கு எழுந்து, சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 196 மதிப்பெண் தரச் சொன்னது. உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு அந்த ஆணையை ரத்து செய்தது. பிழையின் சுமையை இறுதியில் மாணவர்களே ஏற்றார்கள். அதனால் புரிந்துகொள்ளத் தமிழ் நூல், பயிற்சிக்கும் தேர்வுக்கும் ஆங்கில நூல் என்ற இடைவழியே பாதுகாப்பானது என்று தோன்றுகிறது. விழி ஏற்பமைவுத் திறன் என்று தமிழில் புரிந்துகொண்டதை அக்காமடேஷன் என்று அடையாளம் காண, இரண்டு நூல்களையும் அருகருகே வைத்துத் தானே ஒரு சொற்பட்டியல் எழுதினால் போதும்.

இதுவரை தெளிந்ததும் தெளியாததும்

இன்றைய நிலையில் சான்றுகள் காட்டும் திசை ஓரளவு தெளிவானது. எல்.பி.எஸ். வாசலைக் குறி வைப்பவருக்கு என்.சி.இ.ஆர்.டி. நூலும் கேரள மேல்நிலைத் தேர்வின் பழைய வினாத்தாள்களும் முதன்மை. எய்ம்ஸ், நீட் வாசல்களுக்கு அதே நூலோடு அந்தந்தத் தேர்வின் அண்மை ஆண்டு வினாத்தாள்கள். எல்லோருக்கும் பொதுவாக, கண் பற்றிய தமிழ்நாட்டுப் பாடநூல் பக்கங்கள். பயிற்சி மையம் சிலருக்கு உதவலாம், கட்டாயமல்ல.

தெளியாதவை பெரியவை. 2021இல் இயற்றப்பட்ட தேசிய இணை சுகாதாரத் தொழில்கள் ஆணையச் சட்டம், இந்தப் படிப்புகளுக்கு ஒரே சீரான நுழைவுத் தேர்வையும் பொதுக் கலந்தாய்வையும் ஆணையத்தின் பணிகளில் சேர்த்திருக்கிறது. அது முழுதாக நடைமுறைக்கு வரும்போது மாநில மதிப்பெண் வழி எவ்வளவு மிஞ்சும் என்பது முதல் கேள்வி. அந்தத் தேர்வு நீட்டின் நிழலில் அமைந்தால் 180இல் 90 வினாக்கள் உயிரியலிலிருந்து வரும். அவற்றில் கண் பாடமும் இருக்காது. ஒளியியலிலும் லென்ஸ் கணக்கிலும் கெட்டிக்காரரான மாணவரை அது அடையாளம் காணுமா என்பது இரண்டாவது. சேர்க்கை மதிப்பெண்ணுக்கும், பின்னாளில் ரெட்டினோஸ்கோப்பைப் பிடித்து நோயாளியின் கண்ணில் நிழலின் அசைவைப் பார்த்துப் பவர் சொல்லும் திறமைக்கும் என்ன உறவு என்பது மூன்றாவது. இந்திய ஆப்டோமெட்ரிக் கல்லூரிகள் தங்கள் மாணவர்களின் சேர்க்கை மதிப்பெண்ணையும் இறுதியாண்டு மருத்துவமனைப் பயிற்சி மதிப்பீட்டையும் ஒப்பிட்டு வெளியிட்டால் இதற்கு விடை கிடைக்கும். பொதுத் தேர்வின் பாடத்திட்டத்தை ஆணையம் முடிவு செய்யும் முன் அந்த ஒப்பீடு நடப்பது நல்லது. பாடத்திட்டம் ஒருமுறை அச்சாகிவிட்டால் கைடுகளும் பயிற்சித் தொகுப்புகளும் அதைச் சுற்றியே வளர்ந்துவிடும், பிறகு கண்ணை மீண்டும் உள்ளே கொண்டுவருவது கடினம்.